முகமிழந்த பாடல்கள்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் வாக்கு. இசைத்தட்டுக்கும் இது பொருந்தும். தட்டு பாதி, உறை பாதி. ஆனால், இன்று நம் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் குவிந்துள்ள பாடல்களுள் பல ஆடையின்றியே கிடக்கின்றன. உறைப்படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டமொன்றும், அதன் நடுவே ஓர் இசைக்குறியும் தோன்றுகின்றன.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்தும் பணியை மேற்கொண்டேன். பாட்டனார் வாங்கிய இசைத்தட்டுகள், தந்தையார் சேர்த்த ஒலிநாடாக்கள், நண்பர்கள் தந்த குறுவட்டுகள் ஆகியவற்றிலிருந்து பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டவை அப்பாடல்கள். தட்டுகளுள் பல கைமாறிப் போயின. பாடல்கள் மட்டும் எஞ்சின. அவற்றுக்குரிய உறைகளைத் தேடியபோது நான் கற்றவற்றை மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இங்குத் தொகுத்துரைக்க விழைகிறேன்.

உறையின் வரலாறு

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். ஆகவே நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, நிழற்பட ஆல்பம்போல் ஒன்றாக அட்டை கட்டி விற்றனர். ‘ஆல்பம்’ என்னும் சொல் இசைக்கு வந்த வழி இதுவே. அவ்வட்டைகள் முதலில் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராக இருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்பார் 1940ஆம் ஆண்டையொட்டி அவற்றில் ஓவியம் தீட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1948இல் அந்நிறுவனமே 12 அங்குல எல்.பி. தட்டை வெளியிட்டது. அதன் ஓரடிச் சதுர உறை ஓவியருக்கு நல்ல களமாயிற்று. உறையின் பின்புறமோ செய்திக்கு இடமாயிற்று. பாடியவர் யார், பக்கவாத்தியம் வாசித்தவர் யார், இயற்றியவர் யார், இராகம் என்ன, தாளம் என்ன என்பனவெல்லாம் அங்கே அச்சாயின. எனவே உறை என்பது வெறும் அழகுப் பொருளன்று. இசையின் பிறப்புச் சான்றிதழ் எனலாம்.

உறை தொலைந்தது எவ்வாறு?

எம்.பி.3 கோப்பில் பாடலைப் பற்றிய குறிப்பை எழுத 1996இல் ‘ஐ.டி.3’ என்னும் முறை உருவாயிற்று. கோப்பின் கடைசியில் 128 பைட் இடம் இதற்கென ஒதுக்கப்பட்டது. அடையாளச் சொல்லுக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசை வகைக்கு 1 என்பது அதன் பங்கீடு. கூட்டிப் பார்த்தால் 128 வந்துவிடும். இதில் படத்துக்கு இடம் எங்கே? படம் கிடக்கட்டும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்னும் அறைகள்கூட இதில் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இக்குறைகளைப் போக்கியது. முன்னுறை, பின்னுறை, தட்டின் நடுச்சீட்டு எனப் பலவகைப் படங்களையும், பாடலாசிரியர் முதலியோர் பெயர்களையும் அதில் எழுதலாம். எனினும் இடம் இருந்ததேயன்றி, அதனை நிரப்புவார் இல்லை. எங்கள் தொகுப்பிலும் கோப்புகள் பலவற்றில் ‘கலைஞர்’ என்னும் அறையில் படத்தின் கதாநாயகர் பெயரே இருந்தது.

முதலில் எந்த வெளியீடு எனத் துணிக

உறையைத் தேடுவோர் பாடலின் பெயரைக் கொண்டே தேடத் தொடங்குகின்றனர். அது போதாது. ஒரே ஒலிப்பதிவு எல்.பி.யாகவும், ஒலிநாடாவாகவும், குறுவட்டாகவும், தொகைநூல் போன்ற கலவைத் தொகுப்பாகவும் வெவ்வேறு உறைகளுடன் வந்திருக்கக்கூடும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வெளிவந்தது. பின்னர் அது ஒலிநாடாவாகவும் குறுவட்டாகவும் பல முகப்புகளோடு வந்தது. அவற்றுள் நம்மிடம் இருப்பது எது?

இதனைத் துணியச் சில சான்றுகள் உள. பாடல்களின் வரிசை முதற் சான்று. வெளியீட்டுக்கு வெளியீடு அது மாறுவதுண்டு. கால அளவு இரண்டாவது. மூன்று நிமிடத்தில் பாட்டு நின்று, மற்றொரு கோப்பில் தொடருமாயின் அது பெரும்பாலும் 78 சுற்றுத் தட்டிலிருந்து எடுத்ததாகும். ஊசியின் கரகரப்பா, நாடாவின் சீற்றொலியா என்பது மூன்றாவது. தட்டின் நடுச்சீட்டில் அச்சிட்டுள்ள வெளியீட்டு எண் நான்காவது. இதுவே எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது. 1984இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த திருத்தம் ஒன்றின்படி, ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் தயாரித்தவர் பெயரும் முதன்முதல் வெளியான ஆண்டும் காட்டப்பட வேண்டும். ஆகவே அதற்குப் பிந்திய உறைகளில் ஆண்டைக் காண்பது எளிது.

தேடுமிடங்கள்

இணையத்தில் இதற்கென அமைந்த பட்டியல்கள் உண்டு. 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் அவற்றுள் ஒன்று. மியூசிக்பிரெயின்ஸ் மற்றொன்று. இஃது இன்டர்நெட் ஆர்க்கைவுடன் சேர்ந்து 2012இல் உறைப்படங்களுக்கென்றே ஒரு காப்பகத்தைத் தொடங்கியது. மியூசிக்பிரெயின்ஸின் பிகார்டு என்னும் மென்பொருள் பாடலின் ஒலியையே அளந்து, கைரேகைபோல் ஒப்பிட்டு, அஃது இன்ன ஒலிப்பதிவு எனக் கூறவல்லது. ஆயினும், ஒரே பதிவு எட்டு வெளியீடுகளில் இருந்தால் எட்டனுள் நம்முடையது எது என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. அங்கேதான் மேற்கூறிய சான்றுகள் கைகொடுக்கின்றன.

தமிழ்ப் பாடல்களைத் தேடுவதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. பட்டியல்களில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் உள்ளன. ‘ழ’கரத்தை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறாறும் எழுதுவர், நெடிலைக் குறிலாக்குவோரும் உளர். எனவே பெயரைவிட வெளியீட்டு எண்ணைக் கொடுத்துத் தேடுவதே நன்று. எண்ணுக்கு எழுத்துப்பிழை வழக்கு இல்லை.

உறையே இல்லாத பாடல்கள்

எவ்வளவு தேடினும் கிடைக்காத உறைகள் சில உண்டு. காரணம், அவை இருந்ததே இல்லை! நம் நாட்டில் 78 சுற்றுத் திரைப்பாடல் தட்டுகள் பெரும்பாலும் நடுவில் வட்டத் துளையிட்ட தாள் உறையில் விற்கப்பட்டன. அத்தாளில் இருந்தது நிறுவனத்தின் விளம்பரமே. பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் துளைவழியே தெரியும் நடுச்சீட்டில் இருந்தன. ஆகவே இத்தகைய பாடலுக்கு நடுச்சீட்டின் படமே உண்மையான முகம்.

1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பாடல்களுக்குப் பிற்காலத் தொகுப்புகள் எம்.ஜி.ஆர். படத்தை முகப்பாக வைக்கின்றன. மக்களும் அவற்றை ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றே வழங்குகின்றனர். ஆனால் அப்படத்துக்குப் பாட்டெழுதியவர் ஒருவரல்லர். மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், உவமைக் கவிஞர் சுரதாவும், வேறு சிலரும் எழுதினர். பட்டுக்கோட்டையார் மறு ஆண்டே, 1959இல், முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார். அவர் எழுதிய பாட்டு இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. அதைத் தாங்கிய கோப்பிலோ அவர் பெயர் இல்லை. தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இது பெருங்குறையாகப் பட்டது.

இங்குத் துணை செய்வது திரையரங்குகளில் அணாக்கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம். அதன் அட்டை அக்காலத்து முகப்பு. உள்ளே பாடல்களோடு எழுதியவர் பெயரும் பலவற்றில் உண்டு. சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களையும் பேணி வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த செல்வம் அதன் அடிப்படை.

படத்தைச் சேர்க்கும் முறை

வீட்டில் உறை இருப்பின் நாமே படமெடுக்கலாம். எல்.பி. உறை சாதாரண வருடுபொறியின் கண்ணாடியில் அடங்காது. பகுதி பகுதியாக வருடி இணைக்க வேண்டும். அல்லது வெயில் நேரே படாத வெளிச்சத்தில் உறையைக் கிடத்தி, நேர் மேலிருந்து எடுக்கலாம். ஒலிநாடாவின் முகப்பு சதுரமன்று. அதனை இழுத்துச் சதுரமாக்கினால் முகங்கள் கோணும். பெரிய படத்தை ஒரு தனிக் கோப்பாகப் பாதுகாத்து, பாடலுக்குள் அதன் சிறிய படியைச் சேர்த்தல் சிக்கனம். 500 கிலோபைட் படத்தை 12 பாடல்களிலும் சேர்த்தால் ஏறத்தாழ 6 மெகாபைட் ஆகிவிடும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: பின்னுறையையும் நடுச்சீட்டையும் மறவாமல் படமெடுக்க வேண்டும். அழகு முன்னுறையில் உள்ளது; பெயர்கள் பின்னுறையில் உள்ளன.

முடிவுரை

சரியான உறை கிடைக்காவிடில் பொருந்தாத படமொன்றை ஒட்டுவதினும் கட்டத்தை வெறுமையாக விடுவதே மேல் என்பது என் கருத்து. வெற்றிடம் தேடலைத் தூண்டும். தவறான படமோ தேடலை நிறுத்திவிடும். உறையைத் தேடுகையில் நாம் தேடுவது படத்தை மட்டுமன்று. பாடினார், இசைத்தார், எழுதினார் ஆகியோர்க்கு உரிய பெயரை அவரவர்க்கு மீட்டுத் தருகிறோம். நண்பர்களே! உங்கள் இல்லத்துப் பரணில் பழைய இசைத்தட்டோ, ஒலிநாடாவோ, பாட்டுப் புத்தகமோ இருக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து, இருபுறமும் படமெடுத்து வையுங்கள். ஒரு கவிஞரின் பெயர் அதில் ஒளிந்திருக்கலாம்.