வண்டி இழுக்கவில்லையா? கழற்றும் முன் அளந்து பாருங்கள்

‘பிக்கப்பே இல்லீங்க’ என்று சொல்லி ஒருவர் சாவியைக் கொடுத்ததும் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடுகிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். அடுத்தவர் காசில் ஊகம் செய்வது நியாயமே இல்லை. முதலில் கேளுங்கள்: திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? மேட்டில் மட்டுமா? ஏசி போட்டாலா? பிறகு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

இன்ஜின் சக்தி தரவில்லையா, தந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிய வேண்டும். டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் மட்டும் எகிறினால் கிளட்ச் சிலிப் ஆகிறது. ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது. ஃபுளோர் மேட் சுருண்டு பெடலைத் தடுப்பதும் நடக்கும்.

இன்ஜின்தான் என்று உறுதியானால் ஸ்கேனரை மாட்டுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பெட்ரோல் வண்டியில் பி0171 என்று கோடு வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். லைவ் டேட்டாவில் ஃப்யூவல் டிரிமை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது, கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐடிலில் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால், வேக்குவம் ஹோஸ் பக்கம் காற்றுக் கசிவைத் தேடுங்கள். லோடு ஏற ஏறக் கூடினால் ஃப்யூவல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய எம்ஏஎஃப் சென்சார் ஆகியவற்றில் ஒன்று. பிரஷர் கேஜை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஐடிலில் சரியாகக் காட்டுகிற பம்ப்பும் மேடு ஏறும்போது கைவிடும்.

கோடே வராமலும் வண்டி திணறலாம். அப்போது வேக்குவம் கேஜ் உதவும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்க, முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்ஸர் வழி அடைத்திருக்கலாம். பெரும்பாலும் உள்ளே உருகிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதை மட்டும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். அதைக் கெடுத்த மிஸ்ஃபயரையோ ஆயில் எரிவதையோ சரிசெய்யாவிட்டால் புதியதும் கெடும்.

டீசலில் முதலில் டர்போ ஹோஸைத் தடவிப் பாருங்கள். பிளவு இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 விதிப்படி வந்த டீசல் வண்டி ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால், புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்து, இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதை வெட்டி எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள். மறுத்துவிடுங்கள், அந்தக் கரி எல்லோர் நுரையீரலுக்கும் போகும். ஸ்கேனர் வழியாக ரீஜெனரேஷன் செய்து, கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று இன்ஜெக்டரையும் ஈஜிஆர் வால்வையும் பாருங்கள்.