கடைக் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகை: விலையா, வசதியா, உறுதியா?



முன்பெல்லாம் நம் கடைகளில் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நீண்ட பேரேடு ஒன்று இருக்கும். யார் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. பேரேடு திடீரென்று நின்று போகாது. கம்ப்யூட்டர் நின்று போகும். அதற்குக் காரணம் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையாக இருந்தால், புதிதாக ஒன்று வாங்க வேண்டி வரும். அப்போது விலை, வசதி, உறுதி ஆகிய மூன்றையும் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதே இந்தப் பாடம்.

நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளமெண்டியில் உள்ள என் மளிகைக் கடையில் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், கூட்டம் நிற்கும் நேரத்தில், மிஷின் அணைந்தது, பிறகு எழும்பவேயில்லை. மாதக் கணக்கு வாடிக்கைக்காரர்களின் பாக்கியெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நான் பதறிப் போய் ஒரு கடையில் ஆக மலிவான போர்டையும், அதற்கு ஏற்ற ப்ராசஸரையும் வாங்கி வந்தேன். பழைய ராமை அப்படியே மாட்டிக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பொருத்த வந்தவன் என் மச்சான் மகன். பெட்டியைப் பிரித்ததும், "மாமா, இது மலிவுதான். ஆனால் நம்ம பழைய ராம் இதில் ஏறாது. பில் அடிக்கிற பிரிண்டரைச் சொருக வாயும் இல்லையே!" என்றான். திருப்பிக் கொடுக்கப் போனேன். பெட்டி பிரித்தாகிவிட்டது என்று வாங்க மறுத்துவிட்டார்கள். மீண்டும் ராமுக்கு ஒரு செலவு, பிரிண்டருக்கு ஒரு செலவு. மூன்று நாள் கையால் பில் எழுதினோம். அல்ஹம்துலில்லாஹ், டிஸ்க் கெடவில்லை, கணக்கு தப்பியது. கூட்டிப் பார்த்தபோது, நல்ல போர்டின் விலையை விட என் மலிவுப் போர்டுக்கு அதிகம் கொடுத்திருந்தேன். இந்த நஷ்டம் உங்களுக்கு வரவேண்டாம் என்றே எழுதுகிறேன்.

தாய்ப்பலகை என்பது யாது?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளும் வந்து சேரும் பலகை இது. ப்ராசஸர், ராம், டிஸ்க், பிரிண்டர், திரை அனைத்தும் இதன் வழியாகவே ஒன்றோடொன்று பேசுகின்றன. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் இதுவே. கடைக்கு வாடகைக் கட்டடம் எப்படியோ, மற்றச் சாமான்களுக்கு இது அப்படி. அலமாரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; கட்டடத்தை மாற்றினால் எல்லாவற்றையும் தூக்க வேண்டும்.

ஆகவே, பழையது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் சோதித்துப் பார்ப்பது அவசியம். தேதியும் நேரமும் மட்டும் தினமும் மாறிப் போனால், பலகையில் நாணயம் போல் இருக்கும் 3 வோல்ட் பாட்டரி தீர்ந்திருக்கும். சில வெள்ளியில் காரியம் முடியும். மிஷின் எழும்பாவிட்டால் பவர் சப்ளையை மாற்றியும், ராமைக் கழற்றி மாட்டியும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாவது: தேவை

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக் கொள்ளுங்கள்.

1. ப்ராசஸர் எது? ஒவ்வொரு ப்ராசஸரும் அதற்கென உள்ள சாக்கெட்டில்தான் உட்காரும். ஏஎம்டி கம்பெனிக்கு ஏஎம்4, ஏஎம்5. இன்டெல் கம்பெனிக்கு எல்ஜிஏ 1700, 2024இல் வந்த எல்ஜிஏ 1851. ஒன்றுக்குரியது மற்றொன்றில் ஏறாது.

2. ராம் எந்த வகை? டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டும் பார்வைக்கு ஒன்று போல் இருக்கும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4, ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5. எல்ஜிஏ 1700 போர்டில் இரண்டு வகையும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கடைசியில் ராம் விலை உலகெங்கும் வெகுவாக ஏறியது. எனவே பழைய ராம் பயன்படுமா என்று பார்ப்பது சின்ன விஷயமல்ல.

3. பெட்டியின் அளவு என்ன? ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் பொதுவாக 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சிறிய பெட்டியில் பெரிய பலகை நுழையாது.

4. பின்னால் எத்தனை வாய் வேண்டும்? பில் பிரிண்டர், பார்கோடு வாசிக்கும் கருவி, வாடிக்கைக்காரருக்குக் காட்டும் இரண்டாவது திரை ஆகியவற்றை எண்ணிக் கொள்ளுங்கள். பழைய பிரிண்டருக்கு 9 முள் சீரியல் வாய் தேவைப்படும். புதிய போர்டுகள் பலவற்றில் அது வெளியே தெரியாது. ஆனால் பலகையின் மேல் அதற்கான முள் வரிசை இருப்பதுண்டு. ஒரு சிறு வயர் வாங்கினால் போதும்.

5. விண்டோஸ் எது? விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம் வேண்டும். அன்றியும், கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டுப்பட்டிருப்பது வழக்கம். போர்டு மாறினால் புதிதாக வாங்க நேரலாம். பில் போடும் மென்பொருள்காரரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்.

இந்தத் தாளில் இல்லாத வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்டெல் போர்டில் எச், பி, இசட் என்றும், ஏஎம்டி போர்டில் ஏ, பி, எக்ஸ் என்றும் தரம் பிரித்திருப்பார்கள். இசட், எக்ஸ் ஆகியவை ப்ராசஸரை வரம்புக்கு மேல் ஓட்டுவோருக்கும், பல கார்டுகள் மாட்டுவோருக்கும் உரியவை. வண்ண விளக்கு எரிவதால் அரிசி விற்காது. பில்லும் கணக்கும் போடும் கடைக்கு எச் அல்லது ஏ போதும். பிற்காலத்தில் ராமைக் கூட்ட எண்ணினால் பி எடுக்கலாம். எச்610 போர்டில் ராமுக்கு இரண்டு இடம்தான். பி வகையில் பெரும்பாலும் நான்கு இருக்கும்.

இரண்டாவது: உறுதி

இதுதான் பெட்டியின் மேல் எழுதியிராத குணம். ஆசஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய நான்கு பெயர்பெற்ற கம்பெனிகளும் தைவானைச் சேர்ந்தவை. பெயரை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. ஒரே கம்பெனி மட்டமானதும் செய்யும், உயர்ந்ததும் செய்யும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் செய்யப்பட்ட போர்டுகளில் கெபாசிட்டர் என்னும் சிறு உருளைகள் உப்பி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லாததே காரணம். பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 2005இல் டெல் கம்பெனி ஆப்டிபிளெக்ஸ் மிஷின்களைப் பழுது பார்க்க 300 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. சில காசு பெறும் சாமான் செய்த நஷ்டம் அது! இன்று திரவமில்லாத, திட வகைக் கெபாசிட்டர் போட்ட போர்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அதையே கேளுங்கள். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் அலுமினிய வெப்பத்தகடு இருந்தால் நல்லது. திரவக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பொறியாளர்களின் கணக்கு.

நம் கடைகளில் மிளகாய்த்தூளும் மாவும் பறந்து காற்றாடியை அடைத்துக் கொள்ளும். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை தூசி தட்டினால், செலவில்லாமல் ஆயுள் கூடும்.

மற்றொன்று, போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருள். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் சில நிலையாக ஓடாமல் கெட்டன. இன்டெல் கொடுத்த திருத்தம் பயாஸ் வழியாகவே வந்து சேர்ந்தது. அந்த ப்ராசஸர்களின் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஆகவே, நீங்கள் வாங்கும் போர்டுக்குக் கம்பெனி தொடர்ந்து பயாஸ் வெளியிட்டு வருகிறதா என்று வாங்குமுன் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: விலை

விலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உதாரணமாக, இரண்டு போர்டுகளுக்கிடையே 50 வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம். ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் ஓடினால், மாதத்துக்கு 83 காசு. ஒரு நாள் பில் போடாமல் நின்றால் உங்கள் கடைக்கு என்ன நஷ்டம் என்பதை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆனால் அந்த 50 வெள்ளி உறுதிக்கும் வாரண்டிக்கும் போனால்தான் லாபம். விளக்குக்குப் போனால் வீண்.

வாங்கும் இடத்தில்

தேக்காவுக்குச் சரக்கெடுக்கப் போகும் நமக்கு, 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர் நடக்கும் தூரம். மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள். தனியாகக் கேட்டால் என்னைப் போல் ஏமாறுவீர்கள். உள்ளூர் விநியோகஸ்தரின் வாரண்டி எத்தனை ஆண்டு, பழுதானால் எங்கே கொண்டு போவது, மாற்றிக் கொடுக்க எத்தனை நாள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வருவது மலிவாக இருக்கும். கெட்டால் திரும்பத் தபாலில் போக வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய விஷயம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் லெமன் சட்டம் அமலில் உள்ளது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதி, பழுது பார்த்தோ மாற்றியோ தரக் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் நுகர்வோருக்கு உரியது. வியாபாரி வியாபாரியிடம் கடைக்காக வாங்குவதற்குப் பொருந்தாது. ஆகவே நமக்குக் காவல் அந்த ரசீதும் வாரண்டியும்தான். ரசீதைக் கடை லைசென்சோடு சேர்த்து வையுங்கள்.

முடிவாக, தேவையை எழுது, உறுதியைக் கேள், பிறகு விலை பேசு. இந்த வரிசை மாறினால் நஷ்டம். எவ்வளவு நல்ல போர்டும் ஒரு நாள் கெடும். வாரண்டி புதுப் போர்டைத் தரும், கணக்கைத் தராது. எனவே ஒவ்வொரு நாளும் கடை சாத்துமுன் பாக்கிக் கணக்கை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். நானும் அந்தப் பெருநாள் வாரத்திலிருந்து அப்படியே செய்து வருகிறேன்.