வாழைமர நோட்டு சொல்லும் வியாபாரப் பாடம்

சென்ற மாதம் உடப்புசல்லாவையில் என் கடைக்கு வந்த சகோதரர் ஒருவர், மலாயாவில் வியாபாரம் செய்த தன் பாட்டனாரின் பெட்டியிலிருந்த நோட்டுக் கட்டொன்றைக் காட்டி, "நானா, இதை எந்த வங்கியில் மாற்றலாம்?" என்று கேட்டார். பத்து டொலர் நோட்டு, அதில் வாழைமரம். எந்த வங்கியும் மாற்றித் தராது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்த யப்பானியர் மலாயாவில் வெளியிட்ட பணம் அது. கேட்டதும் பணம் தருவதாக யப்பானிய அரசின் வாக்குறுதி அதில் அச்சாகியிருந்தது. ஆரம்பத்தில் பழைய டொலருக்குச் சமமாகவே செல்லுபடியானது. பின்னர் தொடரிலக்கம்கூட இல்லாமல் அச்சடித்துக் குவித்தார்கள். விலைகள் ஏறின. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அதை ஏற்கவில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் பெட்டியிலிருந்த பணம் வெறும் கடதாசியானது.

இராணுவப் பணம் எல்லாமே இப்படி முடிந்ததில்லை. யுத்தத்தின் பின் ஒக்கினாவாவில் அமெரிக்கப் படை 'பி யென்' வெளியிட்டது. 1958இல் அதை ஒழித்தபோது, 120 யென்னுக்கு ஒரு டொலர் வீதம் மாற்றிக் கொடுத்தது. வாக்குக் கொடுத்தவர் நிலைத்திருந்தார், பணமும் பிழைத்தது.

மலாயாவில் பெரிய சிக்கல் கடனில்தான் வந்தது. நல்ல பணத்தில் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் அடைத்தால் தீருமா? வழக்குகள் எழுந்தன. ஆக்கிரமிப்புக் காலக் கடன்களை மதிப்பிட 1948இல் தனிச் சட்டமே வந்தது.

நமது இமாம்களும் இதை ஆராய்ந்துள்ளார்கள். ஆட்சியாளர் செல்லாததாக்கிய காசுக்கு அதே காசே ஈடு என்றார்கள் இமாம் ஷாபிஈ (ரஹ்). மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்றார்கள் இமாம் அபூ யூசுப் (ரஹ்). விலைவாசி ஏறியதைக் காட்டிக் கடன் தொகையைக் கூட்டக் கூடாது என 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச பிக்ஹ் அகடமி தீர்மானித்தது.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது, சம்பள நாளை நம்பித் தோட்டத்துக்குக் கடன் கொடுத்த நாமும் இந்த வலியை உணர்ந்தோம். பழைய விலையில் எழுதிய கடன் வந்து சேர்ந்தபோது, அந்தப் பணத்துக்குப் பாதிச் சரக்குக்கூட வாங்க முடியவில்லை. அதற்காகக் கொப்பியில் தொகையைக் கூட்டி எழுதுவது வட்டியின் வாசல்.

ஆகவே, கடன் தவணையைச் சுருக்குங்கள். சூரா பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுவது போல எழுதி, சாட்சி வையுங்கள். தேவைக்கு மேல் பணத்தைப் பூட்டி வைக்காமல் சரக்காக்குங்கள், ஆனால் பதுக்காதீர்கள். நோட்டின் பெறுமதி அதை வெளியிட்டவரின் வாக்கில் இருக்கிறது. வியாபாரியின் பெறுமதியும் அவ்வாறே.