தறிக்காரர் மணிக்கட்டுக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி: ஐயா, நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 42 வயது. குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்கிறார். கோர்வைக்குக் கூட உட்காருவது நான். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் ஸ்கூட்டரில் ஓரிக்கைப் பக்கம் போய்த் திரும்பும்போது, கல்யாணப் பட்டு எடுக்க சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று சிக்னல் போடாமல் திரும்பி இடித்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார், லைசென்ஸும் இருக்கிறது. வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் கட்டைவிரல் மரத்துப்போகிறது என்கிறார், கழுத்தும் வலிக்கிறதாம். போலீஸில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். கார்க்காரர் நல்ல மாதிரி. வீட்டுக்கே வந்து, "50,000 தருகிறேன், கேஸ் வேண்டாம், ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள்" என்கிறார். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர், தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார். ஸ்கூட்டர் ரிப்பேருக்கு 9,000 ஆகுமாம். தறியில் பாதிச் சேலை நிற்கிறது. என்ன செய்வது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

கார்க்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அப்படியானால் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பணமில்லை, காரின் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றின் நகல். ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நீங்கள்தான் அந்த மூன்றாம் நபர். விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னால், பாலிசி ஒழுங்காக இருக்கும்வரை அதைக் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. இந்தக் கிளெய்மால் அவருடைய நோ கிளெய்ம் போனஸும் போகாது; அது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தோடு சேர்ந்த சலுகை. அவர் பயப்படுவது போலீஸ் கேஸுக்கு. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு விலையாக உங்கள் வீட்டுக்காரரின் வலக்கையைக் கொடுக்க முடியாது. காப்பீடு இருக்கிறதா என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எம்பரிவாஹன் செயலியில் கார் நம்பரைப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தோம், ஆபரேஷன் நடந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக விபத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது.

எஃப்.ஐ.ஆருக்கும் முன்னால் பிறந்த காகிதம் ஒன்று இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. விபத்தன்று முதலில் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதியிருப்பார்கள், ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். அதில் "கார் மோதியதால்" என்று இருக்கிறதா, "வண்டியிலிருந்து விழுந்ததால்" என்று இருக்கிறதா, பாருங்கள். இரவு டூட்டியில் இருப்பவர் வலியில் முனகுகிறவரிடமோ, கூட வந்தவரிடமோ கேட்டு அவசரத்தில் எழுதுவது அது. தானாக விழுந்தார் என்று ஒரு வரி இருந்துவிட்டால், கம்பெனி வக்கீல் வழக்கு முழுக்க அந்த வரியைப் பிடித்துத் தொங்குவார். அப்படி இருந்தால் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். நேரில் பார்த்த சாட்சியை இப்போதே தேடுங்கள். அந்த இடத்துக் கடைகளில் கேமரா இருந்தால், பதிவு அழியும் முன் எடுத்து வைக்கும்படி போலீஸிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது, இருந்தால் அதிர்ஷ்டம்.

இனி உடம்பு. நான் வக்கீல், வைத்தியம் சொல்ல மாட்டேன். மணிக்கட்டு உடைந்தவருக்குக் கட்டைவிரல் மரத்தால் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இத்தனை வருட வழக்குக் கட்டுகளில் படித்திருக்கிறேன். ஆபரேஷன் செய்த எலும்பு மருத்துவரிடமே இந்த வாரம் போங்கள். கழுத்து வலியையும் சொல்லி, இரண்டையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இடித்த வேகத்தில் வரும் கழுத்து வலி நாள் கழித்தும் தெரியவரலாம். ஆனால் சீட்டில் ஏறாத வலி தீர்ப்பாயத்தில் இல்லாத வலிதான். பிசியோதெரபி எழுதிக் கொடுத்தால் ஒரு நாளும் விடாதீர்கள். இடையில் நிறுத்தினால், "அவரே அக்கறை காட்டவில்லை" என்பார்கள். இன்னொன்று. நம் பக்கத்தில் எலும்பு உடைந்தால் ஆந்திராவிலிருக்கும் புத்தூருக்கு வண்டி ஏற்றும் வழக்கம் உண்டு. உள்ளே பிளேட் இருக்கும் கையை மருத்துவரைக் கேட்காமல் எண்ணெய் போட்டு நீவவோ கட்டவோ விடாதீர்கள்.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்ததால் இழப்பீடு கிடைக்காதோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கையிலிருந்து கொடுக்காத ஆபரேஷன் செலவைக் கேட்க முடியாது. மருந்து, ஆட்டோ, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, வலியும் வேதனையும், வேலை போன மாதங்களின் வருமானம், இனிமேல் குறையப்போகும் வருமானம், பின்னாளில் பிளேட்டை எடுக்கும் செலவு எல்லாம் அப்படியே நிற்கின்றன. இதில் பெரிய தொகை, இனிமேல் குறையப்போகும் வருமானம். வழக்கின் உயிரே அங்கேதான்.

சிகிச்சை முடிந்ததும் மருத்துவ வாரியம் ஊனத்தைச் சதவீதத்தில் சொல்லும். அந்தக் கைக்கு 20 சதவீதம் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். கம்பெனி உடனே, அது கைக்குத்தானே, முழு உடம்புக்குக் கணக்கிட்டால் 10 கூட வராது என்று வாதாடும். 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. டாக்டர் சொல்லும் சதவீதம் உடம்புக்கு. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு. அதைத் தொழிலைப் பார்த்துத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ தொழிலே போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாது என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. 2014-ல் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், வருமானத்துக்குக் காகிதம் இல்லாதபோதும் மாதம் 6,500 என்று ஏற்று, சம்பாதிக்கும் திறன் இழப்பை 85 சதவீதமாக வைத்தது அதே நீதிமன்றம்.

பணத்தில் பார்த்தால் வித்தியாசம் புரியும். மாத வருமானம் 15,000 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, சொந்தத் தொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் கூட்டுவார்கள்: 18,750. வருடத்துக்கு 2,25,000. 2009-ல் சரளா வர்மா தீர்ப்பு தந்த அட்டவணையில் 42 வயதுக்குப் பெருக்கல் எண் 14. ஆக 31,50,000. இதில் 10 சதவீதம் என்றால் 3,15,000. 60 சதவீதம் என்றால் 18,90,000. அதே மணிக்கட்டு, அதே பிளேட். கார்க்காரர் நீட்டும் 50,000 எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

எப்படி நிரூபிப்பது? நீதிபதி தறிக்குழியில் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார். ஒரு கை நாடாவை விட, மறு கை பலகையை இழுத்து அடிக்க, கால் மிதியை மாற்ற, ஒவ்வொரு ஊடைக்கும் இந்த மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை. அதிலும் கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் இழையை விரல் நுனியில் பிடித்து வாங்க வேண்டும்; மரத்துப்போன கட்டைவிரலுக்கு அந்த இழை தெரியவே தெரியாது. இதை மனுவில் எழுத வேண்டும். சிகிச்சை கொடுத்த மருத்துவரே கூண்டேறி, இந்தக் கையால் தறி ஓட்ட முடியாது என்று சொல்ல வேண்டும். பார்க்காமலே சான்றிதழ் எழுதும் டாக்டர்களைத் தேடிப் போகாதீர்கள். அப்படிப்பட்ட சான்றிதழ்களை நம்பக் கூடாது என்று ராஜ்குமார் தீர்ப்பே எச்சரித்திருக்கிறது.

வருமானத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்கிறவர் என்றால் பாதி வேலை முடிந்தது: பாஸ்புக், கூலி ஏறிய வங்கிக் கணக்கு, நெசவாளர் அடையாள அட்டை. பாவும் ஜரிகையும் கொடுத்த தேதி, சேலை வந்து சேர்ந்த தேதி இரண்டையும் சங்கத்திடம் எழுதி வாங்குங்கள். தனியார் முதலாளியிடம் என்றால் அவர் நோட்டின் நகல், முன்பணம் வாங்கிய கணக்கு. சிலர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். வங்கியில் வந்த கூலியாவது காட்டட்டும். நிற்கும் பாதிச் சேலையைத் தறியோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஒரு சிக்கல் வரும்: கூலி அவர் பெயரில் வந்தாலும் அதில் கோர்வைக்கு உட்கார்ந்த உங்கள் உழைப்பும் இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும் என்பார்கள். அதற்குப் பதிலை வக்கீல் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கட்டும்.

ஸ்கூட்டருக்கு முழுக் காப்பீடு இருந்தால் உங்கள் கம்பெனியிடமே கேளுங்கள். போனஸ் போகுமே என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். காருக்கு அந்தக் கணக்கு சரி, ஸ்கூட்டரின் சொந்தச் சேதப் பிரீமியமே சொற்பம், போகும் போனஸ் 9,000-க்குப் பக்கத்தில் வராது. தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் என்றால் ரிப்பேர் பில்லை இழப்பீட்டு மனுவிலேயே சேர்க்கலாம். இரண்டு இடத்திலும் கேட்கக் கூடாது. உங்கள் பாலிசியில் வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கக் கூடும். அது மரணத்துக்கும், கை கால் கண் இழப்பு போன்ற பெரிய ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு வராது.

வெற்றுத்தாள் ஆசாமியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளில் தடை செய்யப்பட்டது. கையில் காசில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுங்கள். பாஸ்புக்கையும் கையெழுத்திட்ட செக்கையும் யாரிடமும் விடாதீர்கள். காரும் அதன் சொந்தக்காரரும் சென்னை என்பதற்காக நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ மனுப் போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு இடம் தருகிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம், நல்லதுதான். ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. ஊனச் சான்று கைக்கு வந்த பிறகே அந்த மேசையில் உட்காருங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. முன்பணம் கேட்டால் இந்த இரண்டின் பெயரையும் சொல்லுங்கள்.

அம்மா, கடைசியாகக் கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சிலர் போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஊனச் சான்று பிறகு வரட்டும், மனு முதலில் போகட்டும்.