எஃகு இழைக் கான்கிரீட்: வலிமை கூடுவது எங்கே?

எஃகு இழை கலந்த கான்கிரீட்டை 150 மி.மீ. கனசதுரமாக வார்த்து, 28 நாள் நீரில் பதப்படுத்தி, சோதனைக்கூடத்தில் அமுக்கி உடைத்துப் பார்க்கும் மாணவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். அமுக்க வலிமை சற்றே கூடியிருக்கும். சில வேளைகளில் கூடியிராது. இச்சோதனையை மட்டும் கொண்டு மதிப்பிடும் அதிகாரி, இழைக்கான செலவு வீண் என்று குறிப்பெழுதினால் வியப்பில்லை. ஆனால், அம்முடிவு தவறானது.

கான்கிரீட்டின் குறை அமுக்கத்தில் இல்லை, இழுவிசையில் உள்ளது. அதன் இழுவிசை வலிமை, அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆகவே, சாதாரணக் கான்கிரீட் விட்டத்தை வளைத்தால் அடிப்புறத்தில் விரிசல் தோன்றிய கணமே அது இரண்டாக முறிந்துவிடும். இழை கலந்த விட்டமும் விரிசல் விடும், ஆனால் முறிவதில்லை. விரிசலின் இரு கரைகளையும் இழைகள் பாலம்போல் இணைத்து நிற்கும். விரிசல் அகல வேண்டுமாயின் ஒவ்வோர் இழையும் பிடுங்கப்பட்டாக வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றலே இக்கான்கிரீட்டின் முறியாத்தன்மை. அது பன்மடங்கு உயர்கிறது. இழையின் முனைகளைக் கொக்கிபோல் வளைத்திருப்பதும் இப்பிடிப்புக்காகவே.

இப்பண்பின் பயனைச் சுரங்கப் பாதைகளில் காணலாம். முன்பு, குடைந்த பாறையின் மேடுபள்ளங்கள்மீது கம்பிவலையைப் பொருத்தி, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சினர். வலை பொருத்தும் தொழிலாளர் தாங்கலற்ற கூரையின் கீழ் நிற்க நேர்ந்தது. இழை கலந்த கான்கிரீட்டையோ எட்ட நின்றே பீய்ச்சலாம். பாறை சிறிது அசைந்தாலும் அப்பூச்சு பெயர்ந்து விழாமல் பிடித்துக்கொள்ளும். ஜீலம் நதியில் 1997-இல் இயங்கத் தொடங்கிய ஊரி நீர்மின் திட்டத்தின் சுரங்கங்களில் இம்முறை கையாளப்பட்டது.

எனினும், கட்டடத்தின் விட்டங்களிலும் தூண்களிலும் உள்ள முதன்மைக் கம்பிகளுக்கு இழை மாற்றாகாது. கம்பி, விசை வரும் இடத்தில், விசையின் திசையில் வைக்கப்படுவது. இழையோ எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பது.

கன அளவில் 1 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 78 கிலோ இழை. இதை மொத்தமாகக் கொட்டினால் இழைகள் பந்துகளாகத் திரண்டுவிடும். சிறிது சிறிதாகத் தூவுவதே முறை. இழை சேர்ந்த கலவை பார்வைக்கு விறைப்பாகத் தோன்றும். அதிர்வுக் கருவியை வைத்தால் இளகிப் பரவும். இதையறியாத மேற்பார்வையாளர் ஒரு வாளி நீர் ஊற்றச் சொல்வாராயின், அமுக்க வலிமை குறைவதோடு இழையின் பிடிப்பும் தளர்ந்துபோகும்.