பனி உருகும் நாளில் வீதி படும் பாடு

கனடாவிலுள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயிலாக அந்நாட்டுப் பனிக்காலத்தின் கடுமையை நம் குடும்பங்கள் பல நன்கு அறியும். ஆயின், அங்குள்ள வீதிகளுக்குப் பனிக்காலத்திலும் பார்க்க, பனி உருகும் காலமே ஆபத்தானது. ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதியில், மார்ச், ஏப்ரல் மாதங்களில், குறிப்பிட்ட வீதிகளில் ஓர் அச்சுக்கு 5,000 கிலோவுக்கு மேல் பாரமேற்றிய லொறிகள் பொதுவாகச் செல்லலாகாது என்பது சட்டம். இது ஏன்?

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். பனிக்காலத்தில் நிலம் மேலெழுவதற்கு இதுவே காரணமென முன்னர் எண்ணினர். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. உறையும்போது சுருங்கும் இயல்புடைய பென்சீனை மண்ணில் இட்டு அவர் உறையவைத்தார். அப்போதும் மண் மேலெழுந்தது! விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறையும் படை கீழிருந்து திரவத்தை இழுத்துக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று. அவ்வாறு ஏறும் நீரே பனிக்கட்டித் தட்டுகளாக வளர்ந்து வீதியைத் தூக்குகிறது.

எல்லா மண்ணும் இவ்வாறு செய்வதில்லை. பருமணலில் துவாரங்கள் பெரியவை, நீர் மேலேறாது. களிமண்ணில் அவை மிகச் சிறியவை. நீர் மெல்லவே நகரும். இடைப்பட்ட வண்டல் மண்ணே பெருந்தொல்லை தருவது.

உறைந்திருக்கும்வரை மண் கல்லைப்போல் உறுதியானது. வசந்தத்தில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழாக உருகுகிறது. அடியில் மண் இன்னும் உறைந்து கிடப்பதால், உருகிய நீருக்கு வடிய வழியில்லை. மண்மணிகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதாலேயே மண்ணுக்குப் பலம் உண்டாகிறது. இடையில் நீர் நிறைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. பாரமான சில்லு ஏறியதும் தார் வெடித்துச் சேறு பிதுங்குகிறது. நீர் வடிந்து மண் மீண்டும் இறுகப் பல வாரங்கள் செல்லும்.

1958 முதல் 1960 வரை, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊரருகே சோதனை வீதிகள் அமைத்து, படைவீரர்களைக் கொண்டு லொறிகளை ஓட்டிப் பார்த்தனர். தார் வீதிகள் வசந்தத்திலேயே மிகுதியாக உடைந்தன. மேலும், அச்சுப் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதும் தெரியவந்தது. அப்படியானால், பாரத்தைப் பாதியாக்கும்போது சேதம் பதினாறில் ஒரு பங்காகக் குறையுமன்றோ! மேற்சொன்ன சட்டத்தின் நியாயம் இதுவே.

வண்டல் மண்ணை அகற்றிச் சரளைக்கல் இடுவதும், பக்கக் கான்கள் அடைபடாமல் காப்பதும் நிலையான பரிகாரங்கள். ஆனால் எல்லா நாட்டுப்புற வீதிகளையும் அவ்வாறு திருத்தப் பெரும் பணம் வேண்டும். மரமும் கல்லும் ஏற்றிப் பிழைப்போருக்கு இரு மாதக் கட்டுப்பாடு சிரமந்தான். எனினும், ஒருவருடைய அவசரத்தால் ஊரார் அனைவருக்கும் உரிய வீதி கெடாதிருக்க, மண் இறுகும்வரை பொறுத்திருப்பதே மலிவான வழி.