கித்தார் பழகுவோம்: ஒரே கைவடிவம், மூன்று கோர்ட்



நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கித்தார், இரண்டே வாரத்தில் லயத்துச் சுவரில் தொங்கிவிடுவதுண்டு. "விரல் நோகிறது, ஓசை சேரவில்லை" என்பார்கள். இரண்டுக்கும் வழி உண்டு.

முதலில் சுருதி. மிக மெல்லிய கம்பி முதலாவது. மிகத் தடித்தது ஆறாவது. ஆறிலிருந்து ஒன்றுவரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளே மெட்டுகள். பிரெட் என்பதும் இவற்றையே. ஆறாம் கம்பியை ஆர்மோனியத்தின் ஈ சுரத்துக்குக் கீழ்ஸ்தாயியில் சேருங்கள். அதை 5ஆம் மெட்டில் அழுத்தி மீட்டும்போது எழும் ஓசையே ஐந்தாம் கம்பியின் சுருதி. இவ்வாறே ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். மூன்றாம் கம்பியைக் கொண்டு இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் 4ஆம் மெட்டில் அழுத்த வேண்டும்.

பல சுரங்கள் ஒருங்கே ஒலிப்பது கோர்ட். சுட்டுவிரலை மூன்றாம் கம்பியின் 1ஆம் மெட்டிலும், நடுவிரலை ஐந்தாம் கம்பியின் 2ஆம் மெட்டிலும், மோதிரவிரலை நான்காம் கம்பியின் 2ஆம் மெட்டிலும் வையுங்கள். இது ஈ மேஜர். சுட்டுவிரலை மட்டும் எடுத்தால் ஈ மைனர். ஈ மேஜர் வடிவத்தை அப்படியே மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு கம்பி நகர்த்தினால் ஏ மைனர். அப்போது ஆறாம் கம்பியை மீட்டாதீர்கள்.

மெட்டின் மேலேயே விரலை வைத்தால் ஓசை மங்கும்; நடுவில் வைத்தால் அதிக பலம் வேண்டும். மெட்டை ஒட்டி, கித்தாரின் தலைப்பக்கமாக விரல் நுனியால் அழுத்துங்கள், நோவு குறையும். தினமும் கால் மணி நேரம் போதும். சில வாரங்களில் நுனித்தோல் தடித்துவிடும். கொழுந்து பறிக்கும் அம்மாவின் விரல்களுக்கும் பழக்கம் ஒரே நாளில் வரவில்லையே!

சபரகமுவ மழை ஈரலிப்பு உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரச் சுவரில் சாய்க்காதீர்கள்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டுக்குத் தகுந்த பிற இசைக்கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு பயன்படுத்த இடமளித்தது. ஆனால் கித்தார் சபையின் பாடலைத் தாங்கவேண்டுமேயன்றி மூடிவிடக்கூடாது.

இவ்வாரப் பயிற்சி: ஒன்று முதல் நான்கு வரை எண்ணி ஏ மைனர், மறுபடி எண்ணி ஈ மேஜர். எண்ணிக்கை தடைப்படாமல் கை மாறும்வரை வேகம் வேண்டாம்.